குமரி மலைக்கு எந்தக் காம்பஸ்?

காம்பஸ் வாங்கணும், எது நல்லது என்று யாராவது கேட்டால், விலையையும் கம்பெனியையும் பேசுவதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊரில் வைத்துப் பார்க்கப் போகிறீர்கள்? கேட்டவருக்கு இது குதர்க்கமாகத் தெரியும். வடக்கு எல்லா ஊரிலும் வடக்குதானே என்பார்கள். வடக்கு வடக்குதான். முள்ளுக்குத்தான் ஊர் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையேறுகிறவருக்கு இந்த விஷயம் தெரியாவிட்டால், நல்ல காசு கொடுத்து நல்ல பொருளை வாங்கியும் பிரயோஜனம் இல்லாமல் போகும்.

என் மைத்துனன் ஸ்வீடனில் வேலை பார்க்கிறான். ஒரு விடுமுறைக்கு நாகர்கோவில் வந்தபோது எனக்கென்று ஒரு காம்பஸ் வாங்கி வந்தான். "அத்தான், அங்க காட்டுக்குப் போறவங்க எல்லாரும் இதத்தான் வச்சிருக்காவ" என்றான். பார்த்தாலே நல்ல பொருள் என்று தெரிந்தது. ஊடுருவிப் பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் அடித்தட்டு, ஓரத்தில் அளவுகோல், டிகிரி பொறித்த சுழல் வளையம், கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு சிவப்புக் கயிறு. திண்ணையில் வைத்துப் பார்த்தோம். சிவப்பு முனை வடக்கே திரும்பியது சரி, ஆனால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தெற்கு முனை கீழே இறங்கி, முள் மிதக்கும் வட்டக் கூட்டின் அடித்தளத்தை உரசிக்கொண்டிருந்தது. தட்டை மெதுவாகத் திருப்பினால் முள்ளும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். கொஞ்ச தூரம் வந்ததும் வெடுக்கென்று விடுபட்டுத் துள்ளும். விரலால் ஒரு தட்டு தட்டினால் இன்னோர் இடத்தில் போய் நிற்கும். அவனுக்கு முகம் வாடிவிட்டது. பெட்டியில் வரும்போது அடிபட்டிருக்கும் என்று நினைத்து, திரும்பிப் போகையில் அதையும் எடுத்துக்கொண்டு போனான். அங்கே போய் இறங்கிய மறுநாளே படம் எடுத்து அனுப்பினான். முள் துளிச் சாய்வு இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் காம்பஸில் எந்தக் குறையும் கிடையாது. அது ஸ்வீடனுக்காகச் செய்தது, அவ்வளவுதான். பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாகப் படுத்திருப்பது காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மட்டுமே. அங்கிருந்து வடக்கே போகப் போக அது தரைக்குள் சாய்ந்துகொண்டே போகும். ஸ்டாக்ஹோமில் அந்தச் சாய்வு எழுபது டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே ஒரு காந்த முள்ளைச் சும்மா தாங்குமுனையில் வைத்தால் வடமுனை தரையைக் குத்தப் பார்க்கும். அதைச் சரிக்கட்டத்தான் முள்ளின் தெற்குப் பக்கத்தில் துளி எடையைக் கூட்டிச் செய்கிறார்கள். அங்கே இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி முள் கிடைமட்டமாக நிற்கும். இதே முள்ளை நம் ஊருக்குக் கொண்டுவந்தால், வடமுனையைக் கீழே இழுக்க இங்கே ஆளில்லை. தெற்கில் கூட்டிய எடை மட்டும் மிச்சம். தெற்கு முனை தொங்கிவிடுகிறது. தெற்கத்தி நாடுகளுக்குச் செய்த முள்ளாக இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

காந்த நடுக்கோடு என்பது வரைபடத்து நிலநடுக்கோடு அல்ல. அது வளைந்து நெளிந்து போகிறது. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் இடம் மாறவும் செய்கிறது. இந்தியப் பெருநிலத்தில் அது தொடுவது நம்முடைய இந்தத் தென்முனைப் பகுதியை மட்டும்தான். இந்தச் சங்கதி இங்கே பலருக்கும் இன்னொரு வழியாகத் தெரிந்திருக்கும். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் பள்ளிப் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதை ஆராயத்தான் அத்தனை ஏற்பாடும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தும்பாவுக்கும் நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையத்தைத் தொடங்கினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852இல் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு வானத்தைவிடக் காந்தத்தில்தான் மோகம். திருவனந்தபுரத்தில் காந்த முள்ளின் அசைவை மணிக்கு மணி குறித்துக்கொண்டிருந்தது போதாது என்று, உயரம் கூடினால் அந்த அசைவு மாறுமா என்று பார்க்க, அகத்தியர் மலையில் இன்னொரு நிலையத்தைக் கட்டினார். 1,868 மீட்டர் உயரமுள்ள மலை. இன்றைக்கும் வனத்துறை அனுமதி வாங்கி, அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் வந்து மாதக்கணக்கில் கதை சொல்கிறார்கள். அந்த மனிதர் அங்கே கருவிகளைச் சுமந்துகொண்டுபோய் ஆள் வைத்து அளவெடுத்திருக்கிறார். அப்போது நம் மாவட்டமும் திருவிதாங்கூர்தானே. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. ஆகவே காந்த முள் விஷயத்தில் நம் பக்கத்து மலைகள் உலக அளவில் பழைய ஆவணம் உள்ள இடங்கள் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வதில் தப்பில்லை.

சரி, பெருமை ஒருபுறம் இருக்கட்டும். இதனால் நமக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. காம்பஸ் முள்ளைத் திருப்புவது காந்தப் புலத்தின் கிடைமட்டப் பகுதி மட்டுமே. ஸ்டாக்ஹோமில் அது 15,000 நானோடெஸ்லாவை (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) ஒட்டி. இங்கே புலம் முழுக்கவே கிடைமட்டமாகப் படுத்திருப்பதால் 40,000 நானோடெஸ்லாவை ஒட்டிக் கிடைக்கிறது. அதாவது முள்ளைப் பிடித்து வடக்கே திருப்பும் விசை இங்கே இரண்டரை மடங்குக்கும் மேல். வெளிநாட்டுக்காரர்கள் "இந்த மாடலில் முள் நிதானப்பட நேரமாகிறது" என்று குறை சொல்வதைப் படித்தால் நீங்கள் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். சரியாக எடை சமன் செய்த முள்ளாக இருந்தால் நம் ஊரில் அது சட்டென்று திரும்பி, சட்டென்று நின்றுவிடும். பகலில் ஓடும் அந்த மின்னோட்டம் முள்ளை அலைக்கழிக்காதா என்று ஒருவர் கேட்டார். அது இந்த 40,000த்தில் நூறு சொச்சம் கூட்டிக் குறைக்கும். ஆய்வுக்கூடக் கருவிக்குத் தெரியும், கையில் இருக்கும் காம்பஸுக்குத் தெரியாது.

இப்போது கடைக்கு வருவோம். தயாரிப்பாளர்கள் உலகத்தைப் பல காந்த மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முள்ளைச் சமன் செய்கிறார்கள். ஐந்தாகப் பிரிப்பது பழைய வழக்கம். ஸ்வீடன் நாட்டு சில்வா மூன்றாகப் பிரிக்கிறது: வடக்குக்கு எம்.என்., நடுக்கோட்டுப் பகுதிக்கு எம்.இ., தெற்குக்கு எம்.எஸ். நமக்கு வேண்டியது எம்.இ. பின்லாந்தின் சூன்டோ பல மாடல்களை என்.ஹெச்., எஸ்.ஹெச். என்று வடபாதி, தென்பாதி இரண்டாக மட்டும் பிரித்து விற்கிறது. நிலப்படத்தைப் பார்த்தால் நாம் வடபாதிதான். காந்தத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே அந்த எழுத்தை மட்டும் நம்பாமல், முள்ளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த எழுத்துகள் தட்டிலோ கூட்டின் உள்ளேயோ பொடியாக அச்சிட்டிருக்கும். இணையக் கடைகளில் விற்பவர் இதைச் சொல்லவே மாட்டார். கேட்டு, அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்த கடை.

மண்டலத் தொல்லையே வேண்டாம் என்றால், எங்கும் வேலை செய்யும்படி செய்த உலகளாவிய முள் இருக்கிறது. சூன்டோவின் எம்.சி.-2 ஜி இந்த வகைதான். சாதாரண முள்ளில் காந்தமும் முள்ளும் ஒரே துண்டு. இதில் காந்தம் தனி, முள் தனி. காந்தத்தைப் புலம் எப்படிச் சாய்த்தாலும் முள் கிடைமட்டமாகவே நிற்கும். தட்டை இருபது டிகிரி வரை சாய்த்துப் பிடித்தாலும் தடையில்லாமல் சுற்றும் என்கிறது கம்பெனி. சரிவில் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திசை பார்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும். விலைதான் சாதாரண அடித்தட்டுக் காம்பஸைப்போல மூன்று நான்கு மடங்கு. இமயமலையும் போவேன், இங்கேயும் நடப்பேன் என்பவருக்கு அந்த விலை தகும். கீரிப்பாறைக்கும் காளிகேசத்துக்கும் மேல் போகாதவர் எம்.இ. முள்ளுள்ள ஒரு எளிய அடித்தட்டுக் காம்பஸோடு நிறுத்திக்கொள்ளலாம். என் பையில் இருப்பது அதுதான்.

போனில்தான் எல்லாம் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். போன் நல்ல பொருள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மாறாமலையிலும் பாலமோரிலும் சிக்னல் போய்விடும், மழை நனைந்த விரலுக்குத் திரை அசையாது, சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். போனுக்குள் இருக்கும் காந்த உணரியை அடிக்கடி எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும். காந்தம் வைத்த உறை போட்டிருந்தால் அது காட்டும் வடக்கை நம்பவே முடியாது.

சூரியனை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்பவர்களுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. "உச்சி வேளையில் நிழல் வடக்கே விழும்" என்று சாரணர் இயக்கத்தில் சொல்லிக்கொடுப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கன்னியாகுமரி எட்டு டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்பிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். நிழல் தெற்கே விழும். அந்த இரண்டு எல்லைகளை ஒட்டிய நாட்களில் உச்சியில் நிழலே காலடிக்குள் அடங்கிவிடும். உச்சி என்பதும் இங்கே பன்னிரண்டு மணி இல்லை, ஏறத்தாழ பன்னிரண்டே கால் ஆகிவிடும். சூரியன் உதிக்கும் இடம் கிழக்கு என்று வைத்துக்கொண்டாலோ, மார்கழியில் அது தென்கிழக்குப் பக்கமாக இருபத்துமூன்று டிகிரிக்கு மேல் விலகி உதிக்கும். முக்கடல் சங்கமத்தில் வருஷம் முழுக்க உதயம் பார்க்கிறவர்களுக்கு அது இடம் மாறுவது கண்கூடாகத் தெரியும். இந்த விலகலோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால் நானூறு மீட்டர் தள்ளிப்போய் நிற்போம்.

இரவில் துருவ நட்சத்திரமா? எட்டு டிகிரி அட்சத்தில் அது அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதற்குள் மறைந்துவிடும் உயரம். நமக்கு வடக்கே இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்குள் நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதோடு ரப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே உயரம், ஒவ்வொரு மர மூட்டிலும் ஒரே மாதிரி சிரட்டை. விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு மூடும் தெரியும். வெளியூர்க்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஆடி மாசத்து மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் சரிவு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதே சந்தேகமாகிவிடும். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது "சாலை தெற்கே இருக்கிறது, தெற்கே நட" என்ற ஒரே ஒரு தகவல்தான். அதைப் பொய்யில்லாமல் சொல்ல ஒரு முள் போதும். தோட்டத்தைத் தாண்டினால் காடு. அந்தக் காடு 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று எந்தக் காம்பஸும் சொல்லாது.

குளச்சலில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கடலில் இருந்தவர், இப்போது கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். என் காம்பஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு மக்கா, மலையப் பாத்தா தெரியாதா?" என்றார். அவருக்கு அது வேடிக்கை இல்லை. இந்தக் கரையில் கடலடியில் இருக்கும் பார்களை, அதாவது பாறைத் திட்டுகளை, கண்டுபிடிக்கக் கணியம் பார்ப்பார்கள். கரையில் தெரியும் ஒரு மலையும் அதற்கு முன்னால் ஒரு கோவில் கோபுரமும் ஒரே நேரில் வர வேண்டும். அதே சமயம் இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டு அடையாளங்கள் ஒரே நேரில் வர வேண்டும். இரண்டு நேர்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பார். தண்ணீருக்கு மேல் ஒரு குறியும் இல்லாத நடுக்கடலில் வள்ளத்தைச் சரியாக அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

காம்பஸை வைத்து வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் இதே கணக்குதான். தெரிந்த ஒரு குன்றுக்குத் திசை எடுத்து ஒரு கோடு, தெரிந்த இன்னொன்றுக்குத் திசை எடுத்து ஒரு கோடு. வெட்டும் இடத்தில் நாம். இதைப் பெரியவரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப மலை ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராட்டியும் கணியம் பிடிக்கலாம்னு சொல்லுதியா?" என்று கேட்டார். ஆமா தாத்தா, அதேதான் என்றேன். "மப்பு போட்டு மலை மறஞ்சா?" என்றார் அடுத்து. மலை மறைந்தால் இடம் தெரியாது, திசை மட்டும் தெரியும். "அது போதும். கரைக்கு வந்துரலாம்" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு பக்கம் எழுதி நான் சொல்ல வந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

வாங்கியதும் சோதித்துப் பார்க்காமல் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மர மேசை ஒன்று போதும், அடியில் இரும்புக் கால் இருக்கக் கூடாது. காம்பஸைக் கிடைமட்டமாக வைத்து, பக்கவாட்டிலிருந்து கண்ணைத் தாழ்த்தி முள்ளைப் பாருங்கள். இரண்டு முனையும் கூட்டின் அடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் இந்தச் சோதனைக்குத்தான் முதலிடம். அப்புறம், முள் காட்டும் டிகிரியைக் குறித்துக்கொண்டு, ஒரு பேனாக்கத்தியைப் பக்கத்தில் கொண்டுபோய் முள்ளை ஒரு பக்கமாக இழுத்து, கத்தியை வெடுக்கென்று தூர எடுத்துவிடுங்கள். முள் திரும்பி வந்து எங்கே நிற்கிறது? அடுத்து மறு பக்கமாக இழுத்து விட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே டிகிரிக்கு வந்தால் தாங்குமுனை நன்றாக இருக்கிறது. வலமிருந்து வரும்போது ஒன்றும் இடமிருந்து வரும்போது ஒன்றுமாக இரண்டு மூன்று டிகிரி மாறினால் உராய்வு இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக, ஆனால் சீராகச் சுற்ற வேண்டும். லூசாகச் சுற்றினால் நீங்கள் வைத்த திசையைப் பையில் போட்டு எடுப்பதற்குள் அது மாற்றிவிடும்.

திரவத்துக்குள் குமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடுகளவு குமிழ் உயரத்துக்கும் வெயிலுக்கும் வந்து போகும், அதனால் தொந்தரவில்லை. பட்டாணி அளவு இருந்து முள்ளில் இடித்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். காம்பஸைக் கெடுப்பதில் நம் ஊர் வெயிலுக்கு முதல் பரிசு கொடுக்கலாம். காரின் முன்கண்ணாடிக்கு அடியில், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் எல்லாம் வைக்காதீர்கள்.

ராணுவக் காம்பஸ் என்று சொல்லிப் பச்சை நிறத்தில், மடக்கு மூடியோடு, சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் குவிந்து கிடக்கிறதே, அதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்க ராணுவத்துக்குச் செய்யும் அசலில் திரவமே கிடையாது. சுழலும் காந்தம் சுற்றியுள்ள உலோகக் கூட்டில் ஏற்படுத்தும் மின்னோட்டமே, முள்ளுக்குப் பதிலாக அதில் இருக்கும் டிகிரி வட்டைப் பிடித்து நிறுத்தும். இருட்டில் ஒளிர டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவை வைத்திருப்பார்கள். அதன் ஒளியும் பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் ஆனால் பாதியாகிவிடும். சில நூறு ரூபாய் நகலில் இதில் ஒன்றும் இருக்காது. கனமும் பச்சை பெயின்டும் மட்டும் அசலைப்போல் இருக்கும். அலமாரியில் வைக்க அழகாக இருக்கும், அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பாலிடெக்னிக்கில் சர்வே படித்தவர்கள் பட்டகக் காம்பஸைக் கையில் எடுத்திருப்பார்கள். ரூர்க்கி பக்கம் செய்கிற கனத்த பித்தளைக் கருவி. துல்லியமாகத் திசை எடுக்க அது அருமையானது. ஆனால் அதில் பூஜ்யம் தெற்கு முனையில் இருக்கும், எண்கள் தலைகீழாக எழுதியிருக்கும். பட்டகத்தின் வழியாகப் பார்த்தால்தான் நேராகத் தெரியும். வரைபடத்தின் மேல் வைத்துக் கோடு போட அடித்தட்டும் கிடையாது. நடக்கிறவருக்கு அது சுமை. வாஸ்து பார்க்க விற்கும் காம்பஸ் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று சொல்லும், அதோடு அதன் வேலை முடிந்தது.

மேல்விலை மாடல்களில் காந்த விலக்கத்தைத் திருத்தி வைக்க ஒரு குட்டித் திருகு இருக்கும். காந்த வடக்கும் நிஜ வடக்கும் ஒன்றில்லை என்பதால் அந்த ஏற்பாடு. அமெரிக்காவின் சில பகுதிகளில் வித்தியாசம் பத்துப் பதினைந்து டிகிரிகூட வரும், அங்கே திருகு அவசியம். நம் மாவட்டத்தில் ஏறத்தாழ இரண்டு டிகிரி மேற்கு, அவ்வளவுதான். வரைபடத்தில் அளந்த திசையோடு இரண்டைக் கூட்டிக்கொண்டு காம்பஸில் வைத்தால் தீர்ந்தது. கூட்ட மறந்தாலும் கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து மீட்டர்தான் தள்ளிப்போகும். இந்தத் திருகுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் காசை முள்ளுக்குக் கொடுங்கள்.

இரும்பைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். நான் இங்கே பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்கு அடியில் நின்று திசை பார்க்காதீர்கள். அந்தக் கோபுரம் முழுக்க உருக்கு. தோட்டத்து முள்கம்பி வேலியிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். உயர் அழுத்த மின்கம்பி என்றால் ஐம்பத்தைந்து மீட்டர் என்று ராணுவக் கையேடுகள் சொல்கின்றன. கூட வருகிறவர் இடுப்பில் வெட்டுக்கத்தி செருகியிருந்தால் அவரை நாலடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நம் மலைப் பாறை சார்னோக்கைட் வகை. சில இடங்களில் அதில் மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது கலந்திருக்கும். அதனால் பாறைமேல் காம்பஸை வைக்காமல் நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இருபது தப்படி தள்ளிப்போய் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. மணவாளக்குறிச்சி கருமணலில் முள் சுற்றோ சுற்றென்று சுற்றும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். அதன் காந்தத் தன்மை குறைவு, பிரித்தெடுக்கவே பலமான காந்தம் வேண்டியிருக்கிறது. அந்தக் கடற்கரையில் நின்று பார்த்தபோது என் முள் எப்போதும்போல வடக்கேதான் நின்றது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான காந்தம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. போனின் ஒலிபெருக்கி, காந்த உறை, ப்ளூடூத் இயர்போன் டப்பாவின் மூடி, கைப்பையின் காந்தப் பொத்தான். இவற்றோடு காம்பஸை ஒரே பையில் போட்டு வைத்தால் ஒருநாள் முள்ளின் முனைகளே மாறிவிடும். சிவப்பு தெற்கைக் காட்டும். என்னோடு நடக்க வந்த ஒரு கல்லூரிப் பையனின் காம்பஸ் அப்படித்தான் இருந்தது. காளிகேசம் போகும் வழியில், ஆற்றை இடது கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, "அண்ணா, எனக்கு மட்டும் கடல் வடக்கே இருக்கு" என்றான். பலமான காந்தம் ஒன்றின் சரியான முனையை முள்ளின் மேல் தடவி அதைத் திருப்பவும் முடியும், வீட்டில் செய்து பார்த்துச் சரிசெய்தோம். ஆனாலும் கிளம்பும் நாள் காலையில் வாசலில் நின்று ஒரு தடவை முள்ளைப் பார்த்துவிடுங்கள். நாகர்கோவிலில் நின்றால் வடக்கே மலை, தெற்கே கடல். இதைவிட எளிய சோதனை வேறு ஊர்க்காரருக்கு வாய்க்காது.

காம்பஸ் வாங்கியாயிற்று என்றால் வரைபடமும் வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை அவர்கள் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நம் பகுதி பழைய எண்முறையில் 58 ஹெச் என்றும் புதிய எண்முறையில் சி43எக்ஸ் என்றும் தொடங்கும் தாள்களில் வரும். ஒரு தாள் அரை மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் பெரிய தாளில் அச்சிடும் கடைக்குத்தான் போக வேண்டும். "பேஜுக்கு ஃபிட் பண்ணிரட்டா?" என்று கடைக்காரர் கேட்பார். வேண்டாம், நூறு சதவீதத்திலேயே போடுங்கள் என்று சொல்லுங்கள். கைக்கு வந்ததும் காம்பஸ் தட்டின் ஓரத்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் சரியாக இரண்டு சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்றே முக்கால் வந்தால் காசு கொடுக்காமல் மறுபடி அச்சிடச் சொல்லுங்கள்.